பெரியவங்களைப் பேராசைக்காரங்கன்னு சொல்றதை முதல்ல நிறுத்துவோம்

நிதி கம்பெனியில பணம் போட்டு மாட்டிக்கிட்ட பெரியவங்களைப் பத்தி பேச்செடுத்தாலே ஒரு பதில் ரெடியா வரும்: "அதிக வட்டிக்கு ஆசைப்பட்டாங்க, அனுபவிக்கறாங்க." இந்தப் பதிலை நான் ஏத்துக்க மாட்டேன். ஏன்னு சொல்றேன்.

மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-ல ஆரம்பிச்சது. தாத்தா கணக்கு வச்சிருந்தார், அப்பா வச்சிருந்தார், அதனால மகனும் ரிட்டயர் ஆன பணத்தை அங்கேயே போட்டார். 2024-ல முதிர்வுத் தொகை கிடைக்கலைன்னு புகார்கள் குவிஞ்சு, ஆகஸ்ட் மாசம் அதன் நிர்வாக இயக்குநரை பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் கைது பண்ணாங்க. யார் மேல என்ன தப்புன்னு கோர்ட் சொல்லட்டும். நம்ம கேள்வி வேற: இவ்வளவு பெரியவங்க ஏன் அங்க போனாங்க?

வட்டிக்காக மட்டும்னு நான் நம்பல. ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. போஸ்ட் ஆபீஸ் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல 8.2 சதவிகிதம் வட்டி. ஒரு நிதி கம்பெனி 10 சதவிகிதம் தருதுன்னு வச்சுப்போம். 10 லட்ச ரூபாய்க்கு வருஷத்துக்கு 18,000, அதாவது மாசம் 1,500 ரூபா கூடுதல். வாழ்நாள் சேமிப்பை இந்த 1,500-க்காக மட்டும் ஒருத்தர் பணயம் வைப்பாரா? அவர் போனது பழைய பேருக்காக. நடந்து போற தூரத்துக்காக. "வாங்கோ மாமி, உக்காருங்கோ"ன்னு ஒருத்தர் தமிழ்ல பேசி, ஃபாரத்தை நிரப்பிக் கொடுக்கறதுக்காக.

இது இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. 1906-ல மெட்ராஸ்ல அர்பத்நாட் கம்பெனி திவாலாச்சு. அதுவும் பழைய பேர், பெரிய பேர். அதை நம்பிப் போட்டவங்க பலர் நடுத்தெருவுக்கு வந்தாங்க. அப்போ மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி அய்யரும் மத்தவங்களும் சேர்ந்து, நம்ம ஊர் மக்களுக்குன்னு ஒரு வங்கி வேணும்னு முடிவு பண்ணி, 1907-ல இந்தியன் வங்கியை ஆரம்பிச்சாங்க. ஏமாந்தவங்களைத் திட்டிட்டுப் போகல, மாற்று ஒண்ணைக் கட்டினாங்க. இன்னிக்கும் அதுதான் தேவை.

பாதுகாப்பான மாற்று இல்லாம இல்ல. மேலே சொன்ன போஸ்ட் ஆபீஸ் திட்டத்துக்கு மத்திய அரசு பொறுப்பு. 60 வயசு ஆனவங்க 30 லட்சம் வரைக்கும் போடலாம். முழுசாப் போட்டா மூணு மாசத்துக்கு ஒருமுறை 61,500 ரூபா வரும். அவசரம்னா சின்ன பிடித்தத்தோட நடுவுல எடுக்கவும் முடியும். வங்கி டெபாசிட்டுக்கு, ஒரு வங்கியில ஒருத்தருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு இருக்கு. நிதி கம்பெனிக்கு இந்தக் காப்பீடு கிடையாது. பழைய பேர் காப்பீடு ஆகாது.

சரி, அப்போ பெரியவங்க ஏன் வங்கிக்குப் போகத் தயங்கறாங்க? தி.நகர்லயோ அடையாறுலயோ ஒரு கிளைக்கு 75 வயசுக்காரரோட நீங்க ஒரு தடவை போய்ப் பாருங்க. டோக்கன் மெஷின், ஏறி இறங்க படி, "ஆப்ல பண்ணிக்கோங்க சார்"ங்கற பதில். ஆனா 2017 நவம்பர்லயே ரிசர்வ் வங்கி தெளிவா சொல்லியிருக்கு: மூத்த குடிமக்களுக்குத் தனி கவுன்ட்டர் வேணும்; 70 வயசு தாண்டினவங்களுக்குப் பணம் கொடுக்கறது, வாங்கறது, ஆயுள் சான்றிதழ் வாங்கறது எல்லாம் வீட்டுக்கே வந்து செய்ய முயற்சி எடுக்கணும். சேவை பேப்பர்ல இருக்கு. கேட்டாத்தான் வருது. கேட்கணும்னு தெரிஞ்சவங்க கம்மி.

இன்னொண்ணையும் சொல்லியாகணும். வங்கிக்குள்ள போயிட்டா எல்லாம் பத்திரம்னு நினைக்காதீங்க. எஃப்டி போட வந்தவர் தலையில இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டற வேலை அங்கேயும் நடக்குது. அப்படி மாட்டிக்கிட்டா, பாலிசி கையில வந்த 30 நாளுக்குள்ள வேண்டாம்னு திருப்பித் தரலாம். "இது டெபாசிட்டா, பாலிசியா?"ன்னு கையெழுத்துக்கு முன்னாடி கேட்கச் சொல்லிக் கொடுங்க.

பசங்களுக்கு, குறிப்பா வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கு, என் கருத்து இதுதான். மாசாமாசம் பணம் அனுப்பறதோட உங்க கடமை முடியல. அடுத்த லீவுல வரும்போது அப்பா அம்மாவோட கிளைக்குப் போங்க. வீட்டுக்கு வரும் சேவையை எழுத்துல கேளுங்க. எல்லாக் கணக்குலயும் நாமினி இருக்கான்னு பாருங்க. பென்ஷன் வாங்கறவங்கன்னா, 70 ரூபா கட்டணத்துல தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் எடுத்துக் கொடுப்பார், அதைச் சொல்லுங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு நம்பரைப் பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க: முதியோர் உதவிக்கு 14567, ஆன்லைன் பண மோசடிக்கு 1930. "டிஜிட்டல் அரெஸ்ட்"னு யாராவது போன்ல மிரட்டினா, அப்படி ஒண்ணு சட்டத்துலயே இல்லைங்கறதையும் அதே பேப்பர்ல எழுதுங்க.

ஆனா அவங்க பணத்தை உங்க பேருக்கு மாத்திக்காதீங்க. முடிவு அவங்களோடதா இருக்கட்டும்.

ஏற்கெனவே நிதி கம்பெனியில மாட்டிக்கிட்டவங்க வெட்கப்பட்டு சும்மா இருக்காதீங்க. டெபாசிட் ரசீது, பாஸ்புக்கோட பொருளாதாரக் குற்றப் பிரிவுல எழுத்துப்பூர்வமா புகார் கொடுங்க. 1997-ல வந்த தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்துல சொத்தை முடக்கி, வித்து, பணத்தைப் பிரிச்சுக் கொடுக்க வழி இருக்கு. வேகமா நடக்காது. ஆனா ஆவணம் கொடுக்காதவர் பேரு அந்தப் பட்டியல்ல வராமலே போகலாம்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. மயிலாப்பூர் பெரியவங்க தேடிப் போனது ஒரு நாற்காலி, தெரிஞ்ச முகம், பொறுமையான தமிழ். இதைக் கொடுக்க புதுசா எந்தத் திட்டமும் வேண்டாம். கவுன்ட்டர்ல ஒரு ஆள் போதும்.