வம்சாவளியும் பொட்டலமும்

ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் ஒருவரிடம் "என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். இரண்டில் ஒரு விடைதான் வரும். "பெடிகிரி" என்பார், அல்லது, குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டு, "வீட்டுச் சோறுதான்" என்பார். முதல் விடையில் ஒரு நிமிர்வு இருக்கிறது. இரண்டாவதில் ஒரு குனிவு. அந்தக் குனிவைப் பற்றித்தான் நாம் இங்கே பேச விரும்புகிறோம்.

பெடிகிரி என்பது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். படியெடுப்பதெல்லாம் ஜெராக்ஸ் ஆனதுபோல, எந்த நிறுவனம் அடைத்த நாய்த்தீனியும் நம் பேச்சில் பெடிகிரி ஆகிவிட்டது. அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வம்சாவளி என்று பொருள். ராஜபாளையம் நாய் இந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. மாவட்டத்தின் தெற்கே சிப்பிப்பாறை என்னும் சிற்றூர் இன்னோர் இனத்துக்குப் பெயர் தந்தது. கன்னியும் இதே கரிசல் வெளியில் ஓடிய நாய்தான். இப்படி மூன்று வம்சாவளிகளை வைத்திருக்கும் மாவட்டத்தில், வம்சாவளி என்ற சொல் கடையில் தொங்கும் பொட்டலத்தின் பெயராகப் புழங்குகிறது. இதைவிடக் கூர்மையான அங்கதத்தை நம் எழுத்தாளர்கள் யாரும் எழுதிவிடவில்லை.

ஆனால் நம் வழக்கு பொட்டலத்தின்மீது மட்டும் அன்று. மலிவான நாய்த்தீனி எது என்ற கேள்வி எழும்போதெல்லாம் இங்கே இரண்டு கட்சிகள் மோதிக்கொள்கின்றன. "பொட்டலத்தில் வருவதே விஞ்ஞானம், மற்றதெல்லாம் பட்டிக்காட்டுத்தனம்" என்பது பொட்டலக் கட்சி. "நம் நாட்டு நாய் கூழைக் குடித்தே முயலை விரட்டியது, அதற்கு எதற்கு இந்தச் சீமைச் சரக்கு" என்பது கூழ்க் கட்சி. இரண்டு கட்சியுமே கணக்குப் பார்ப்பதில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு. மல்லிக்கும் வத்தலுக்கும் பருப்புக்கும் காசு காசாகக் கணக்குப் பார்த்த விருதுநகர்ச் சந்தையின் மண்ணில் இது ஒரு வெட்கக்கேடு.

முதலில் பொட்டலக் கட்சி. விஞ்ஞானத்தின் பெயரால் பேசும் இவர்கள், தங்கள் பொட்டலத்தின் வம்சாவளியைக் கொஞ்சம் அறிந்துகொள்வது நல்லது. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் 1860 வாக்கில் லண்டனுக்குப் போனார். கப்பல்காரர்கள் வீசிய கெட்டி பிஸ்கட்டுகளைத் துறைமுகத்து நாய்கள் அடித்துப் பிடித்துத் தின்பதைக் கண்டு, நாய்க்கென்றே பிஸ்கட் செய்து விற்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியதாகச் சொல்வார்கள். அவருடைய நிறுவனத்தில் வேலை பார்த்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்பவர்தான் 1891இல் தம் பெயரில் நாய்க் கண்காட்சியைத் தொடங்கினார். உயர்சாதி நாய் என்ற மோகமும் நாய் பிஸ்கட்டும் ஒரே கடைவாசலில் வளர்ந்தவை. மாவை அழுத்தத்திலும் வெப்பத்திலும் பிதுக்கிப் பொரியாக்கும் இன்றைய உலர்தீனி, அமெரிக்காவில் பியூரினா நிறுவனத்தின் வழியே 1957இல் பெருஞ்சந்தைக்கு வந்தது. அந்த மாவில் பெரும்பங்கு தானியம். கம்பங்கூழைப் பார்த்து முகம் சுளிப்பவர், பிதுக்கிக் காயவைத்த மக்காச்சோளத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் சுளிக்கிறார்.

தானியம் ஒன்றும் பாவமில்லை. ஓநாயைவிட நாயின் மரபணுவில், மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்குரிய பகுதி பல மடங்கு பெருகியிருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். மனிதன் உழத் தொடங்கியபின் அவன் கலத்து மிச்சத்தை உண்டே நாய் நாயானது. இதை மறந்து, "தானியமே இல்லாதது" என்ற முத்திரையோடு கூடுதல் விலைக்கு விற்ற தீனிகள் சிலவற்றுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமே விசாரிக்கத் தொடங்கியது. காரணகாரியம் உறுதிப்படவில்லை. ஆனால் விலை கூடினால் தரமும் கூடும் என்ற நம்பிக்கைக்கு அது ஒரு குட்டு.

பொட்டலத்தின் பின்புறத்தில் அச்சிட்ட புரத அளவை வேதவாக்காகக் கொள்வோருக்கு இன்னொரு செய்தி. அங்கே காணும் "கச்சாப் புரதம்" நேராக அளந்த புரதம் அன்று. தீனியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கிச் சொல்வது. இந்த ஓட்டைக்குள்தான் 2007இல் மோசடி நுழைந்தது. சீனாவிலிருந்து போன கோதுமைப் புரதத்தில், நைட்ரஜன் மிகுந்த மெலமைன் என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. சோதனையில் புரதம் கூடுதலாகத் தெரிந்தது. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. பல பெயர்களில் விற்ற தீனிகள் ஒரே ஆலையில் அடைக்கப்பட்டவை என்பதும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

சரி, மலிவு எது? கடையில் நம் அன்பர்கள் கிலோ விலையை ஒப்பிடுகிறார்கள். அதுதான் முதல் பிழை. நாய் கிலோவைத் தின்பதில்லை, கலோரியைத் தின்கிறது. 25 கிலோ எடையுள்ள, வளர்ந்த, ஓரளவு ஓடியாடும் நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,250 கலோரி வேண்டும். கணக்குக்காக இரண்டு மூட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று கிலோ 200 ரூபாய். நூறு கிராமில் 320 கலோரி, புரதம் 18 விழுக்காடு. மற்றது கிலோ 260 ரூபாய். நூறு கிராமில் 400 கலோரி, புரதம் 26 விழுக்காடு. முதலாவதில் நாளொன்றுக்கு 390 கிராம் போடவேண்டும். செலவு 78 ரூபாய். இரண்டாவதில் 312 கிராம் போதும். செலவு 81 ரூபாய். கிலோவுக்கு 60 ரூபாய் மிச்சம் என்று மார்தட்டியவருக்கு நாளொன்றுக்கு மிச்சம் மூன்று ரூபாய். அந்த மூன்று ரூபாய்க்காக அவருடைய நாய் அன்றாடம் பத்துக் கிராமுக்கு மேல் புரதத்தை இழக்கிறது. பொட்டலத்தில் கலோரி அச்சிடப்படவில்லை என்றால் நாமே கணக்கிடலாம். புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு மூன்றரை, கொழுப்புக்கு எட்டரை என்று பெருக்கிக் கூட்டினால் போதும். ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

இனி கூழ்க் கட்சி. இவர்கள்மீது நமக்குக் கோபம் அதிகம், ஏனென்றால் இவர்கள் நம்மவர்கள். கரிசல் இலக்கியம் படித்தவர்கள். 2005இல் ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல்தலை வந்தபோது மகிழ்ந்தவர்கள். தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைக் குறித்து 2017இல் ஆங்கிலத்தில் நூல் எழுதியபோது அதைக் கொண்டாடியவர்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னபோது நெஞ்சு விம்மியவர்கள். நாமும் விம்மினோம். ஆனால் பெருமையைக் கரைத்து நாய்க்கு ஊற்ற முடியாது.

"அந்தக் காலத்தில் கூழ் மட்டும்தான்" என்பது பாதி உண்மை. மறுபாதி, அந்த நாய்கள் வேட்டை நாய்கள் என்பது. விடியலில் முயலை விரட்டிப் பிடித்த நாய்க்கு அதில் பங்கு உண்டு. காட்டில் எலி, ஓணான், கொல்லையில் ஆடு அறுத்த மிச்சம் என்று அதன் புரதம் கலத்துக்கு வெளியிலிருந்து வந்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முயல் வேட்டை இன்று குற்றம். அப்படியே இருக்கட்டும், முயலுக்கும் வாழ உரிமை உண்டு. ஆனால் வேட்டை போய், நாய் சங்கிலிக்கு வந்தபின், பழைய உணவின் ஒரு பாதியை மட்டும் ஊற்றிவிட்டு மரபைக் காப்பதாகச் சொல்வது எந்த நியாயம்?

இதற்கும் கணக்கு இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு ஆயிரம் கலோரிக்குக் குறைந்தது 45 கிராம் புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீனிக் கட்டுப்பாட்டாளர் சங்கத்தின் அளவுகோல். கேழ்வரகும் அரிசியும் மட்டுமே போட்டால் ஆயிரம் கலோரிக்கு ஏறத்தாழ 20 கிராம்தான் தேறும். கம்பு மட்டும் என்றால் 30 கிராம். விலா எலும்பு தெரிவது சிப்பிப்பாறையின் இயல்பான உடல்வாகு என்று சொல்லிச் சொல்லியே, பசியால் எலும்பு தெரியும் நாய்களையும் அழகென்று பார்க்கப் பழகிவிட்டோம். ஒடிசலுக்கும் மெலிவுக்கும் வேறுபாடு தெரியாதவருக்கு வம்சாவளியைப் பற்றிப் பேச என்ன உரிமை?

அப்படியானால் வழி என்ன? 25 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு 200 கிராம் கம்பு மாவைக் கூழாகவோ களியாகவோ நன்றாக வேகவையுங்கள். இரண்டு முட்டை, 150 கிராம் எலும்பில்லாத கோழிக்கறித் துணுக்கு, ஒரு கிண்ணம் தயிர், ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேருங்கள். ஏறத்தாழ 1,200 கலோரியும் 65 கிராம் புரதமும் கிடைக்கும், அளவுகோலைத் தாண்டிவிட்டோம். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா வேண்டாம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதுவும் வேண்டாம். ஈரல் நல்லதுதான், ஆனால் வாரம் இரண்டு நாள் போதும். கறியிலும் தானியத்திலும் கால்சியம் குறைவு. ஒரு முட்டையின் ஓட்டை வேகவைத்துக் காயவைத்து மாவாக அரைத்தால் ஏறத்தாழ இரண்டு கிராம் கால்சியம் கிடைக்கும். அன்றைய தேவைக்கு அது போதும். துத்தநாகம், அயோடின், சில வைட்டமின்கள் இதிலும் குறைபடும் என்பதை மறைக்க மாட்டோம். கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டி அதற்குரிய சத்துப்பொடியை வாங்கிக்கொள்வது கௌரவக் குறைவு அன்று. இந்தச் செலவையெல்லாம் உங்கள் ஊர் விலையில் கூட்டி, மேலே சொன்ன மூட்டைக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் எது மலிவு என்று சொல்லுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் நம் வாக்கு பொட்டலக் கட்சிக்கே. குட்டிகளுக்கு நல்ல குட்டித்தீனி வாங்க முடிந்தால் வாங்குங்கள். வளரும் எலும்புக்குக் கால்சியம் குறைந்தாலும் கேடு, கூடினாலும் கேடு. அங்கே கைப்பக்குவத்தை நம்பக்கூடாது.

தின்பண்டத்துக்கு வருவோம். தேநீர்க் கடை வாசலில் பொறையோ குளுக்கோஸ் பிஸ்கட்டோ போடுவது நம் பக்கத்து அறம். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வீட்டு நாய்க்கு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குமேல் தின்பண்டம் போகக்கூடாது. அதாவது 125 கலோரி. அது ஐந்து சிறு பிஸ்கட்டிலேயே தீர்ந்துவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சாத்தூர்க் காராச்சேவும் மனிதனுக்குக் கிடைத்த வரங்கள். நாய்க்கு அவை வேண்டாம். திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை நஞ்சு. பாயசத்து மிச்சத்தை நாய்த்தட்டில் கவிழ்ப்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும். எலும்பு வடிவத்தில் வண்ணம் பூசி விற்கும் தோற்சுருளைவிட, அவித்த சர்க்கரைவள்ளிக் கிழங்குத் துண்டு மலிவானது, பாதுகாப்பானது.

இதெல்லாம் வசதி படைத்தோரின் பொழுதுபோக்குப் பேச்சு என்று சிலர் சொல்லக்கூடும். இல்லை. இந்தப் பட்டாசுப் பூமியில் நாய் வளர்ப்போரில் பலர் குழாய் உருட்டியும் திரி அறுத்தும் கூலி வாங்குபவர்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்பைத் தடை செய்தபின், அந்த ஆண்டின் இறுதியில் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. அப்படிப்பட்ட மாதங்களில் வீட்டில் முதலில் நிற்பது நாயின் பொட்டலம்தான். நேற்றுவரை மூட்டைத்தீனி, இன்று வெறும் கஞ்சி. வயிறு கலங்கி, நாய் கழிந்து, இளைத்துப் போகிறது. ஏழெட்டு நாளில் சிறிது சிறிதாக மாற்றவேண்டும் என்பதையும், கஞ்சியோடு ஒரு முட்டையாவது சேர்க்கவேண்டும் என்பதையும் அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. குட்டியை விற்றவர் சொல்லவில்லை. பொட்டலம் விற்றவர் சொல்லவில்லை. மரபைப் பற்றிக் கட்டுரை எழுதிய நாமும் சொல்லவில்லை.

அந்தக் கூலிக்காரர் வீட்டு வாசலில் நின்று "என்ன போடுகிறீர்கள்?" என்று கேட்கும்போது, அவர் குரலைத் தாழ்த்தாமல் "கம்பும் முட்டையும்" என்று சொல்லவேண்டும். கேட்டவரும் அதில் இளக்காரம் காணாமல், எவ்வளவு கம்பு, எத்தனை முட்டை என்று அடுத்த கேள்வியைக் கேட்கவேண்டும். நாம் வேண்டுவது அவ்வளவே.