மோடத்தைக் கடைசியில் வாங்குங்கள்

“எங்கள் வீட்டுப் பக்கம் ஃபைபர் வராது என்று சொல்லிவிட்டார்கள். மகள் ஆறாம் படிவம் படிக்கிறாள். ஆன்லைனில் ஐம்பது வெள்ளிக்கு யுஎஸ்பி மோடம் விற்கிறார்கள். வாங்கலாமா?” சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கிள்ளானில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்யும் ஒரு தம்பியின் கேள்வியும் ஏறக்குறைய இதுதான். ஆறு மாதத்தில் வீடு மாறப் போகிறவர், 24 மாத ஒப்பந்தம் எனக்கு எதற்கு என்கிறார்.

இருவருமே வாங்கலாம். ஆனால் மோடத்தைக் கடைசியில் வாங்குங்கள். முதலில் ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்குங்கள், அல்லது இரவல் கேளுங்கள்.

காரணம் எளிது. விரல் நீளத்துக்கு இருக்கும் அந்த மோடம், திரை இல்லாத ஒரு கைப்பேசிதான். கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பிடித்து மடிக்கணினிக்குக் கொடுக்கிறது. உங்கள் வீட்டில் அலையே இல்லையென்றால் ஐம்பது வெள்ளி மோடமும் ஒன்றுதான், ஐந்நூறு வெள்ளி மோடமும் ஒன்றுதான். ஆகவே வீட்டில் யார் யாரிடம் எந்த நிறுவனத்தின் சிம் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் வேறு நிறுவனத்தின் சிம் இருந்தால் அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொன்றையும் கைப்பேசியில் போட்டு, முன்வாசல், சமையலறை, மகள் படிக்கும் இடம் என்று நடந்து நடந்து வேகத்தைச் சோதியுங்கள். பகலில் ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறை. இரவுச் சோதனைதான் முக்கியம். கோபுரத்தின் கொள்ளளவை அந்த வட்டாரமே பங்கு போட்டுக்கொள்கிறது. எல்லாரும் வேலை முடிந்து வந்து படம் பார்க்கும் நேரத்தில் பகலில் காட்டிய 20 எம்பிபிஎஸ் இரண்டாகக் குறைந்துபோவதும் உண்டு.

சோதனையில் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். இணைய வகுப்பில் மகளின் குரலும் முகமும் போக வேண்டியது பதிவேற்றப் பாதையில். அங்கே ஒன்றுக்குக் கீழே காட்டினால், “டீச்சர், கேட்குதா?” என்பதிலேயே வகுப்பு முடிந்துவிடும்.

தோட்ட வீடுகளில் இன்னொரு தொல்லை தகரக் கூரை. உலோகம் அலையைத் தடுக்கும். கூரைக்கடியில் ஒரு பட்டை காட்டும் கைப்பேசி, கோபுரம் இருக்கும் திசையில் உள்ள சன்னலுக்குப் போனதும் மூன்று பட்டை காட்டும். அதனால் மடிக்கணினியில் மட்டுமே செருகிப் பயன்படுத்தும் மோடத்தைவிட, தானே வைஃபை கொடுக்கும் வகை நல்லது. அதைக் கைப்பேசி சார்ஜரில் செருகிச் சன்னலோரத்தில் விட்டுவிடலாம். மகள் வசதியான இடத்தில் உட்கார்ந்து படிக்கலாம். மதிய வெயில் நேராக விழும் இடம் மட்டும் வேண்டாம். சூடேறினால் வேகம் குறையும், சில மோடங்கள் அணைந்தே போகும். ஏற்கெனவே சாதாரண வகை கையில் இருந்தால், இரண்டு மீட்டர் யுஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கிச் சன்னல்வரை இழுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பழைய மோடம் விஷயம். மேசை அறையைத் துழாவினால் பல வீடுகளில் ஒன்று கிடைக்கும். ‘3.5ஜி’, ‘எச்எஸ்பிஏ’, ‘7.2 எம்பிபிஎஸ்’ என்று அதில் எழுதியிருந்தால் பேசாமல் மின்குப்பைப் பெட்டியில் போடுங்கள். நம் நாட்டில் 3ஜி சேவை 2021 இறுதியோடு நிறுத்தப்பட்டது. 2ஜி மட்டும் விட்டுவைக்கப்பட்டதால் அந்த மோடம் அதைப் பிடித்துக்கொண்டு விளக்கைக்கூட எரியவிடலாம், பக்கம்தான் திறக்காது. இதைச் சொல்லாமல் இன்னும் பழைய பொருள் சந்தையில் இருபது வெள்ளிக்கு விற்கிறார்கள்.

புதிதாக வாங்கும்போது 4ஜி என்ற ஒரே எழுத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். மலிவு மோடங்கள் பல நாடுகளுக்கென்று வெவ்வேறு அலைவரிசைகளோடு வருகின்றன. விவரப் பட்டியலில் பேண்ட் 1, 3, 7, 8 நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். கோபுரத்துக்குத் தொலைவில் இருப்பவர்களுக்கு பேண்ட் 8 அவசியம். அது 900 மெகாஹெர்ட்ஸ், வெகுதூரம் போகும், சுவரையும் ஓரளவு ஊடுருவும். 2600இல் இயங்கும் பேண்ட் 7 வேகமானது, ஆனால் அவ்வளவு தூரம் எட்டாது. சிரிம் முத்திரை இருக்கிறதா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது திட்டம். பணம் உண்மையில் கரைவது இங்கேதான். ஒளிக்காட்சி வகுப்புக்கு மணிக்குச் சுமார் ஒரு ஜிபி என்று வையுங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம், மாதம் 22 நாள் என்றால் 88 ஜிபி. தம்பி தங்கைகள் இரவில் யூடியூப் பார்ப்பது தனிக் கணக்கு. 30 ஜிபி திட்டம் எட்டு நாளைக்குக்கூடத் தாங்காது. “அப்படியானால் அன்லிமிடெட் எடுத்துவிடுகிறேன்” என்பீர்கள். எடுங்கள், ஆனால் கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு எடுங்கள். இந்த சிம்மை மோடத்தில் போடலாமா, கைப்பேசிக்கு மட்டுமா? ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு உண்டா? வரம்பு தாண்டினால் வேகம் எவ்வளவு? கைப்பேசிக்கென்று விற்கப்படும் திட்டங்கள் பலவற்றில் அன்லிமிடெட் என்பது கைப்பேசித் திரைக்கு மட்டும்தான். பதிலை வாய்வார்த்தையாக விடாமல், திட்டத்தின் நிபந்தனையில் காட்டச் சொல்லுங்கள். ‘3 எம்பிபிஎஸ் அன்லிமிடெட்’ என்று பார்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். அந்த வேகத்திலேயே மணிக்கு 1.3 ஜிபிக்கு மேல் இறங்கும். ஒருவர் படிக்க அது போதும். நான்கு பேருக்குப் போதாது.

அந்த நான்கு பேர் குடும்பத்துக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தாமானுக்கு ஃபைபர் வந்திருந்தால், நீங்கள் அங்கேயே இருக்கப் போகிறீர்கள் என்றால், இந்தக் குச்சி மோடத்தை மறந்துவிடுங்கள். பி40 குடும்பங்களுக்கென்று 69 ரிங்கிட்டுக்கு 30 எம்பிபிஎஸ் கொடுக்கும் ஒற்றுமைத் திட்டம் 2023இல் அறிமுகமானது. இப்போது அதற்குத் தகுதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள். மாதம் நாற்பது, ஐம்பது வெள்ளி மோடத்துக்குக் கட்டிவிட்டு, இரவில் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சிக்கனம் ஆகாது.

மோடம் வந்த அன்றே செய்ய வேண்டியவை சில உண்டு. அதன் அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல் பெரும்பாலும் ‘அட்மின்’ என்றே இருக்கும், மாற்றிவிடுங்கள். விண்டோஸ் மடிக்கணினியில் அந்த வைஃபையை ‘மீட்டர்ட்’ என்று குறித்துவிட்டால், பின்னணியில் பெரிய புதுப்பிப்புகள் இறங்கித் தரவை விழுங்குவது குறையும். இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சிம் மோடத்துக்குள் இருப்பதால், தரவு தீரப் போகிறது, சிம் காலாவதியாகிறது என்ற குறுஞ்செய்திகளும் மோடத்துக்குள்ளேயே போய்ச் சேரும். வாரம் ஒரு முறை அமைப்புப் பக்கத்தைத் திறந்து படியுங்கள், அல்லது நிறுவனத்தின் செயலியில் அந்த எண்ணைப் பதிந்துவையுங்கள்.

யுபியு விண்ணப்பத்தின் கடைசி நாள், இணையத் தேர்வு போன்ற நாள்களில் ஒரே சிம்மை நம்பி இருக்காதீர்கள். வேறு நிறுவனத்தின் சிம் உள்ள ஒரு கைப்பேசியை ஹாட்ஸ்பாட்டுக்குத் தயாராக வைத்திருங்கள். பக்கத்தில் நாடி மையம் இருந்தால் அது எத்தனை மணிக்குத் திறக்கும், எப்போது மூடும் என்பதை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.