வாய்மொழி உத்தரவு யார் தலையில் விடியும்?

வட்டார அளவில் ஓட்டப்பந்தயம். மைதானம் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால். பள்ளிக்கு வண்டி கிடையாது. வாடகை வண்டிக்குப் பணமும் கிடையாது. தலைமையாசிரியர் விளையாட்டு ஆசிரியரைக் கூப்பிடுகிறார்: "சார், உங்கள் காரிலேயே நாலு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வந்துவிடுங்கள்."

எழுத்தில் உத்தரவு உண்டா? இல்லை. பெட்ரோலுக்குக் காசு உண்டா? இல்லை. வழியில் ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்று யாராவது சொன்னார்களா? அதுவும் இல்லை.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இது புதுக் காட்சியல்ல. பந்தயத்துக்கு, பரீட்சைக்கு, விஞ்ஞானக் கண்காட்சிக்கு என்று ஆசிரியரின் சொந்த வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் ஏறுவது யார்? முதலாளி வீட்டுப் பிள்ளை தன் வீட்டுக் காரில் போய்விடும். ஆசிரியரின் வண்டியில் ஏறுவது களை பறிக்கப் போன தாயின் மகள். இரவு ஷிப்டு முடித்துக் கண்ணயர்ந்த தகப்பனின் மகன். ஆகவே தோழர்களே, இது நம்முடைய விஷயம்.

எந்த இன்ஷூரன்ஸ்?

"வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். எந்த இன்ஷூரன்ஸ் என்று நாம் திருப்பிக் கேட்கிறோம்.

1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ். ரோட்டில் போகிறவர் அந்த வண்டியால் அடிபட்டால் கம்பெனி பணம் கொடுக்கும். வண்டியிலேயே இலவசமாக உட்கார்ந்து வந்தவர் அடிபட்டால்? 2006-ல் ஒரு ஸ்கூட்டர் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது: கட்டாயப் பாலிசி மட்டும் இருந்தால், பின்னால் சும்மா ஏறி வந்தவருக்குக் கம்பெனி பொறுப்பல்ல. 2012-ல் ஒரு கார் வழக்கில் அதே கோர்ட், 'பாக்கேஜ் பாலிசி' என்ற முழுப் பாலிசி இருந்தால் காருக்குள் வந்தவர்களுக்கும் கம்பெனி பொறுப்பு, கட்டாயப் பாலிசி மட்டும் என்றால் இல்லை என்று பிரித்துச் சொன்னது.

பிரீமியம் குறைவு என்று கட்டாயப் பாலிசியோடு நின்றுவிட்ட ஆசிரியரின் கதி என்ன? தவறு அவருடையது என்று முடிவானால், தீர்ப்பாயம் விதிக்கும் நஷ்டஈடு அவர் தலையில் விழும். அவரிடம் கொடுக்க வழி இல்லையென்றால், காலிழந்த பிள்ளையின் கையில் தீர்ப்பின் நகல் மட்டும் மிஞ்சும்.

இன்னும் கேளுங்கள். பெட்ரோலுக்கென்று பிள்ளைகளிடம் தலைக்குப் பத்து, இருபது வசூலித்தால், "சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டினார், பாலிசி நிபந்தனையை மீறினார்" என்று கம்பெனி வாதாட வழி பிறக்கிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றினாலே சட்ட மீறல்.

பிள்ளை இறந்து, கவனக்குறைவால் மரணம் என்று வழக்கு வந்தால், பழைய தண்டனைச் சட்டத்தில் 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் 5 ஆண்டு வரை. கண்மண் தெரியாமல் ஓட்டியவர் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வண்டியை எடுக்கச் சொன்னவர் எங்கே?

கைகழுவும் வித்தை

வேலையாள் வேலையின்போது செய்யும் தவறுக்கு வேலை கொடுத்தவரும் பொறுப்பு என்பது பழைய சட்டக் கோட்பாடு. நிர்வாகத்துக்கு இது தெரியும். உத்தரவு வாயோடு நின்றுவிடுவது ஏன் என்று இப்போது புரிகிறதா? விபத்து நடந்த மறுநாள், "நாங்கள் சொல்லவில்லை, அவராகப் பிரியப்பட்டு ஏற்றிச் சென்றார்" என்று சொல்ல வசதியாக இருக்கும்!

மில் தொழிலாளிக்கு இது புதிதா? "மிஷினை நிறுத்தாமலே துடை" என்று மேஸ்திரி வாயால் சொல்வார். விரல் போன பிறகு, "உன்னை யார் துடைக்கச் சொன்னது?" என்பார். அதே பாடம்தான் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறது.

பெற்றோரிடமும் ஒரு சீட்டு நீட்டப்படுகிறது: "எது நடந்தாலும் பள்ளி பொறுப்பல்ல." படிக்கத் தெரியாத தாய் கைநாட்டு வைக்கிறாள். அந்தச் சீட்டு அவளைப் பயமுறுத்தத்தான் உதவும். அடிபட்ட பிள்ளையின் சார்பில் நஷ்டஈடு கேட்கும் வழியை அது அடைத்துவிடாது.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஒரு பள்ளிப் பஸ்ஸின் ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி மாண்டாள். நாடு கொதித்தது. பள்ளிப் பஸ்களுக்கென்று அந்த ஆண்டே தனி விதிகள் வந்தன. பஸ்ஸுக்கு விதி வர ஒரு குழந்தையின் உயிர் போக வேண்டியிருந்தது. ஆசிரியரின் காருக்கும் அப்படி ஒரு உயிர் போகும்வரை காத்திருக்க வேண்டுமா?

அவசரம் வேறு, ஏற்பாடு வேறு

"ஆசிரியருக்கு மனிதாபிமானம் வேண்டாமா?" என்று கேட்பார்கள். வேண்டும். பாம்பு கடித்த பிள்ளையை யாரும் பாலிசியைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்வதில்லை, செல்லவும் கூடாது. ஆனால் வருஷந்தோறும் தேதி குறித்து நடத்தும் பந்தயம் அவசரமா? தேதி குறிக்கத் தெரிந்தவர்களுக்கு வண்டி பிடிக்கத் தெரியாதா? வீட்டிலிருந்து பள்ளிக்கு இலவச பஸ் பாஸ் கொடுக்கும் சர்க்கார், பள்ளியிலிருந்து மைதானத்துக்கும் வழி செய்யட்டும்.

நாம் கேட்பது இதுதான்:

1. எழுத்தில் உத்தரவு இல்லாமல் எந்த ஆசிரியரையும் சொந்த வண்டி எடுக்கச் சொல்லக்கூடாது.

2. பந்தயத்துக்கும் பரீட்சைக்கும் பெர்மிட் உள்ள வண்டி. செலவு சர்க்காருடையது அல்லது நிர்வாகத்துடையது.

3. வேறு வழியின்றி ஆசிரியரின் வண்டி போனால், முழுப் பாலிசிக்கான பிரீமியமும் பெட்ரோல் செலவும் உத்தரவிட்டவரைச் சேர்ந்தது.

4. பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் சீட்டில் பெற்றோரிடம் கையெழுத்து வாங்குவதை நிறுத்த வேண்டும்.

கடைசியாக ஒரு வார்த்தை. ஆசிரியரும் சம்பளத்துக்கு உழைப்பவர்தான். விபத்து நடந்தால் அவர் சட்டையைப் பிடித்து உலுக்குவதோடு கோபம் தீர்ந்துவிட வேண்டாம். அதைத்தான் நிர்வாகம் எதிர்பார்க்கிறது. நஷ்டஈட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பிள்ளை வண்டியில் ஏறுவதற்கு முன்பே பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து நின்று ஒரே கேள்வி கேளுங்கள்: "உத்தரவு எங்கே?"