பலகைக்குக் கீழே ஒரு வால்வு

நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு ஆனி மாதத்தில் உடுவிலில் இருந்து போகிறவர்களும் குறிகட்டுவானில்தான் படகேற வேண்டும். அங்கே நாம் கேட்பவை இரண்டு: எத்தனை பேரை ஏற்றுகிறார்கள், பாதுகாப்பு அங்கி தருகிறார்களா. 2021 நொவெம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பள்ளிப் பிள்ளைகளோடு மிதவை கவிழ்ந்த பிறகு இந்தக் கேள்விகள் இன்னும் உரத்து எழுந்தன. நியாயம்தான். ஆனால் இயந்திரம் உள்ளே பூட்டிய பழைய ஃபைபர் படகுகளில் கேட்க வேண்டிய இன்னொன்று, நாம் மிதித்து நிற்கும் பலகைக்குக் கீழே கிடக்கிறது. டீசல் இயந்திரத்தைக் குளிர்விக்கக் கடல்நீர் தேவை. அதற்காகப் பெரும்பாலும் நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலில் துளை போட்டு, உலோகப் பொருத்தி இறுக்கி, வால்வும் இறப்பர் குழாயும் மாட்டுவார்கள். ஆண்டுக்கொரு முறை இவற்றைக் கழற்றிப் பார்க்காத படகுக்குப் பயணிகளை ஏற்றும் அனுமதி கொடுக்கக்கூடாது.

சுன்னாகத்தில் வாங்கிக் கிணற்று மோட்டருக்குப் பூட்டும் பித்தளை வால்வு தோட்டத்தில் பல வருடம் உழைக்கும். அதையே கடலில் பூட்டினால் கதை வேறு. பித்தளை செம்பும் நாகமும் சேர்ந்தது. உப்புநீர் நாகத்தை மெல்ல மெல்லக் கரைத்தெடுத்துவிட, மிஞ்சுவது பொருபொருத்த செம்பு. உருவம் அப்படியே இருப்பதால் பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. சுரண்டினால் மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பு தெரியும், அழுத்தித் திருகினால் முறியும். பற்றரியின் மின்கசிவு சேர்ந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். உல்லாசப் படகுகளுக்கான ஐஎஸ்ஓ 9093 தரத்தின் முந்தைய பதிப்பே இத்தகைய பொருத்திகளிடம் எதிர்பார்த்தது ஐந்தாண்டு உழைப்பைத்தான். ஃபைபர் உடலோ முப்பது நாற்பது வருடம் தாங்கும். பழைய படகின் ஆபத்து இந்த இடைவெளியில் இருக்கிறது: உடலின் உறுதியைப் பார்த்து, அதில் பூட்டியவற்றையும் நம்பிவிடுகிறோம். நீர்மட்டத்துக்கு இரண்டடி கீழே ஓர் அங்குலத் துளை திறந்தால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர், அதாவது மணிக்கு மூன்றரைத் தொன் தண்ணீர் உள்ளே வரும்.

நீரிறைக்கும் பம்ப் இருக்கிறதே என்பார்கள். பம்ப் பற்றரியில் ஓடுகிறது. தண்ணீர் முதலில் எட்டும் இடங்களில் அந்தப் பற்றரியும் ஒன்று. தீவுப்பகுதிக் கடல் ஆழமில்லை என்ற பதிலும் பலமில்லாதது. அடியில் தேங்கிய நீர் படகு சாயும் பக்கமெல்லாம் ஓடி அதை மேலும் சாய்க்கும், பயந்த சனமும் ஒரே பக்கம் ஒதுங்கும். படகு மூழ்குவதற்கு முன்பே கவிழ்ந்துவிடலாம். நெடுந்தீவுப் பாதையிலோ கரை இன்னும் தூரம்.

செலவு பற்றிய மறுப்பை மட்டும் அப்படித் தள்ளிவிட முடியாது. படகு கரையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் சொந்தக்காரருக்கு வருமான இழப்பு. ஆனால் பாசியும் கொட்டலசும் சுரண்டி அடியில் பெயின்ற் அடிக்க எப்படியும் படகைக் கரையேற்றத்தான் வேண்டும்; வால்வைக் கழற்றுவதை அதோடு சேர்த்தால் வேலை சிறிதே கூடும். கடல் குழம்பிச் சேவை தடைப்படும் மாரிகாலம் இதற்குத் தோது. தரமான வெண்கல வால்வு பித்தளையைவிட விலை கூடியது என்பதால், மாற்றுகிறவர்களுக்கு முதல் தடவை மானியமோ வட்டியில்லாக் கடனோ கொடுப்பது அரசின் பொறுப்பு. ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் அதன் அளவுக்குக் கடைந்த மர ஆப்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிட மானியம்கூடத் தேவையில்லை. வால்வு கடைசியாகக் கழற்றிப் பார்க்கப்பட்ட திகதியை, ஏற்றக்கூடிய ஆட்தொகைக்குப் பக்கத்திலேயே படகில் எழுதச் சொல்லலாம்.