மீன்தொட்டி சத்தம் போட்டால் பைப்பை அடைக்காதீங்க சாமி!

புனேயில் வாடகை ஃப்ளாட்டில் குடியிருந்துகொண்டு நாலடி மீன்தொட்டி வைக்கும் நம்மூர் மக்களுக்காக இந்தப் புலம்பல். மேலே தொட்டி, கீழே பெட்டிக்குள் சம்ப், ஒரு ஓவர்ஃப்ளோ பைப் என்று அமர்க்களமாக ஆரம்பிக்கிறீர்கள். ராத்திரியானால் "களக் களக்... சர்ர்ர்" என்று கக்கூஸ் ஃப்ளஷ் மாதிரி சத்தம். பிள்ளை தூங்கவில்லை, வீட்டம்மா முறைக்கிறார். உடனே நம்மாட்கள் செய்யும் வைத்தியம் மூன்று: ராத்திரி பம்பை நிறுத்துவது, பைப் வாயில் ஸ்பாஞ்சைத் திணிப்பது, இருக்கிற ஒரே பைப்பில் வால்வு போட்டுப் பாதி மூடுவது. மூன்றும் அபத்தம்!

முதலில் பம்ப். விளக்கணைந்தால் தொட்டிச் செடிகளும் ஆக்சிஜனைத்தான் இழுக்கும். 28 டிகிரி தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்கூட நிற்காது. மீன் கழிவின் அம்மோனியாவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா சம்பில் இருக்கிறது. அதற்கும் ஓடுகிற தண்ணீர் வேண்டும். நீங்கள் நிம்மதியாகத் தூங்க மீன் மூச்சுத் திணற வேண்டுமா? கொளத்தூரிலிருந்து ரயிலேற்றிக் கொண்டுவந்தது இதற்குத்தானா?

அடுத்தது ஸ்பாஞ்சும் பாதி மூடிய வால்வும். நாலடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் சுமார் 14 லிட்டர். ஒரு நத்தையோ இலையோ போய் அடைத்தால் போதும். பம்புக்கு அது தெரியுமா? சம்பில் எட்டுகிற தண்ணீரையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். வழிந்தால் நனைவது கீழ்வீட்டுக்காரர் கூரை. பாஷை அரைகுறையாகப் பேசும் ஊரில், அவர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்? வீட்டு அட்வான்ஸ் திரும்பி வருமா?

சத்தத்துக்குக் காரணம் தண்ணீர் அல்ல, அதோடு சேர்ந்து இறங்கும் காற்று. டுர்சோ பைப் அதைக் குறைக்கும், முழுசாக நிறுத்தாது. காற்றே புகாமல் பைப் நிறையத் தண்ணீர் போனால் சத்தமே கிடையாது. இதைத்தான் முழு சைபன் என்கிறோம். ஆனால் அதைத் தனியே விடக்கூடாது, துணைக்கு இரண்டு பைப் வேண்டும். பீன்அனிமல் முறை என்று பெயர்.

முதல் பைப்பின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் முங்கியே இருக்கும். வால்வு இதில் மட்டும்தான். இரண்டாவது கொஞ்சம் உயரத்தில், மிச்சத்தை மெல்லிய கசிவாக வாங்கும். மூன்றாவது அதைவிட உயரத்தில், காய்ந்தே கிடக்கும். இரண்டாவதன் மூடியிலிருந்து ஒரு சின்னக் காற்றுக்குழாயை மூன்றாவதன் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். தண்ணீர் ஏறி அதை மூடினால் இரண்டாவதும் சைபனாகிக் கைகொடுக்கும். அதுவும் போதாவிட்டால்தான் மூன்றாவதற்கு வேலை. அதன் சத்தமே உங்களுக்கு அபாயமணி.

முதல் பைப்பின் கீழ்முனை சம்ப் தண்ணீரில் ஓர் அங்குலம் முங்கினால் போதும். ஆழமாக இறக்கினால் கரண்ட் போய் வந்ததும் உள்ளே மாட்டிய காற்று வெளியேறாது, சைபன் பிடிக்காது. வால்வு, சக்கரம் வைத்துத் திருகும் கேட் வால்வாக இருக்கட்டும். கைப்பிடி திருப்பும் பால் வால்வில் நுணுக்கமாக வைக்க வராது. கடல்மீன் தொட்டிக்குப் பித்தளை வேண்டவே வேண்டாம். உப்பில் அரிக்கும், கசியும் செம்பு இறாலையும் பவளத்தையும் கொல்லும். முழுசாகத் திறந்துவிட்டு, இரண்டாவது பைப்பில் மெல்லிய கசிவு வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். அவ்வளவுதான் வித்தை.

பிறகு இரண்டு சோதனை. பம்பை நிறுத்துங்கள். மேலேயிருந்து இறங்கும் தண்ணீர் முழுவதையும் சம்ப் தாங்குகிறதா? இல்லையென்றால் சம்பில் அளவைக் குறையுங்கள், தண்ணீர் திரும்பும் குழாயின் வாயை மேல்மட்டத்துக்கு ஏற்றுங்கள். செக் வால்வு காப்பாற்றும் என்று நம்பாதீர்கள், அழுக்கு சிக்கினால் அது மூடாது. அடுத்து, முதல் பைப்பைக் கையால் அடைத்துப் பாருங்கள். மற்ற இரண்டும் சமாளித்தால் நிம்மதியாக ஊருக்குப் போய் வரலாம்.

"ஒரு ஓட்டையே தாராளம் சார், தண்ணிச் சத்தம் வாஸ்துக்கு நல்லது" என்பார் கடைக்காரர். வாஸ்து அவர் வீட்டில் நன்றாக இருக்கட்டும் :-) டஃபன்ட் கண்ணாடியில் பின்னால் ஓட்டை போட முடியாது, போட்டால் நொறுங்கும். ஆகவே தொட்டிக்கு ஆர்டர் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லுங்கள்: மூன்று ஓட்டை, மூன்று பைப். கூடுதலாகும் காசு, கீழ்வீட்டுக் கூரைக்குப் பெயின்ட் அடிக்கும் செலவில் கால்வாசிகூட வராது.