விபிஸ்கிரிப்ட் போனால் நோய் போகுமா?

விண்டோஸிலிருந்து விபிஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியை விலக்கப்போவதாக 2023 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. 2024 மே மாதம் கால அட்டவணையும் வந்தது: விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில் அது விருப்ப வசதி, 2027 வாக்கில் தானாக இயங்காது, பிறகு அடியோடு நீக்கம். விண்டோஸின் இன்னொரு கட்டளை மொழியான பவர்ஷெல்லுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்பது அறிவுரை. 1996-இல் பிறந்த மொழிக்கு ஓய்வு கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அலுவலகங்கள் ஏன் இத்தனை காலம் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தன என்ற கேள்விக்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை.

பதில் தேட, விண்டோஸில் உள்ள ‘ரன்ஆஸ்’ கட்டளையை எடுத்துக்கொள்வோம். வேறொரு பயனரின் பெயரில் நிரலை இயக்க உதவும் இது, கடவுச்சொல்லை விசைப்பலகை வழியாக மட்டுமே வாங்கும்; கோப்பிலிருந்து திருப்பிவிட்டால் ஏற்காது. அதனால் எழுதப்பட்டவைதான் சில வரி விபிஸ்கிரிப்டுகள்: ரன்ஆஸ் ஓடும் கறுப்புக் கட்டளை ஜன்னலைத் திற, ‘ஸ்லீப் 500’ என்று அரை நொடி காத்திரு, ‘ஆப்ஆக்டிவேட்’ மூலம் ஜன்னலை முன்னே கொண்டுவா, ‘சென்ட்கீஸ்’ மூலம் கடவுச்சொல்லைத் தட்டி என்டரை அழுத்து. கணினி மந்தமாகி ஜன்னல் திறக்க ஒரு நொடி ஆனால், தட்டியது வீண். நடுவே வேறொரு ஜன்னல் முன்னே வந்தால், கடவுச்சொல் அதில் போய் விழும். திரை பூட்டப்பட்டிருந்தால் எதுவும் நடக்காது. எதிரே என்ன கேட்கப்படுகிறது என்று பார்க்காமலேயே பதில் சொல்லும் ஏற்பாடு இது.

கண்மூடித் தட்டும் இந்த நோய்க்கு மருந்து எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. 1990-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தைச் சேர்ந்த டான் லைப்ஸ், யூனிக்ஸுக்காக ‘எக்ஸ்பெக்ட்’ என்ற கருவியை வெளியிட்டார். மூன்றே சொற்களில் அதன் சாரம் அடங்கிவிடும்: ‘ஸ்பான்’ நிரலைத் தொடங்கும், ‘எக்ஸ்பெக்ட்’ குறிப்பிட்ட கேள்வி திரையில் வரும்வரை காத்திருக்கும், ‘சென்ட்’ பதிலை அனுப்பும். அரை நொடியா, ஒரு நொடியா என்ற ஊகத்துக்கே இடமில்லை. கேள்வி வந்தால்தான் பதில் போகும். அந்த நிரலுக்கு மட்டுமே போகும். இதைச் சாத்தியமாக்கியது, 1983-இல் வெளியான 4.2 பிஎஸ்டி யூனிக்ஸிலேயே இருந்த போலி முனையம். எதிரே மனிதர் அமர்ந்து தட்டுவதாகவே நிரல் நம்பிவிடும்.

விண்டோஸுக்கு இத்தகைய போலி முனையம் எப்போது வந்தது? 2018-இல், விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில். எக்ஸ்பெக்ட் பிறந்து 28 ஆண்டுகள் கழித்து! ஒரு தலைமுறை கணினி ஊழியர்கள் பணியில் சேர்ந்து ஓய்வை நெருங்கும் காலம் அது. அதுவும், நிரலாளர் குறியீடு எழுதிப் பயன்படுத்த வேண்டிய அடித்தள வசதியாகவே வந்தது. இரவு பேக்கப் எடுக்கும் சிறு அலுவலக ஊழியருக்கு அதனால் என்ன பயன்? எக்ஸ்பெக்ட் போன்ற கருவி இன்றும் விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை.

பாதுகாப்பு நிபுணர்கள் உடனே 2000 மே மாதத்து ‘ஐ லவ் யூ’ வைரஸை நினைவூட்டுவார்கள். அது விபிஸ்கிரிப்டில் எழுதப்பட்டது உண்மை. ஆனால், மின்னஞ்சல் இணைப்பைச் சொடுக்கிய மாத்திரத்தில் அதை ஓடவிட்ட ஏற்பாட்டின் குற்றத்தை மொழியின் தலையில் கட்டுவது தப்பித்துக்கொள்ளும் வழி. கடவுச்சொல்லைக் கோப்பில் எழுதக் கூடாது என்பதற்காகவே ரன்ஆஸ் இப்படி அமைந்தது என்பார்கள். நடந்தது என்ன? கடவுச்சொல் கோப்பிலும் இருக்கிறது, கண்ட ஜன்னலிலும் விழுகிறது. இதைப் பாதுகாப்பு என்று சொல்ல வெட்கப்பட வேண்டும்.

‘பவர்ஷெல்லில் திருப்பி எழுதுங்கள்’ என்ற உபதேசம் இன்னும் மோசம். டாட்நெட் வழியாக அங்கேயும் அதே சென்ட்கீஸை அழைக்கலாம். பலர் அதையே செய்யப்போகிறார்கள். மொழி மாறும்; கண்மூடித் தட்டுவது மாறாது.

மனிதர் மட்டுமே பதில் சொல்ல முடியும் என்று அடம்பிடிக்கும் கட்டளை நிரல், அரைகுறை நிரல். கேள்வி கேட்கும் ஒவ்வொரு நிரலும், அதே பதிலை இன்னொரு நிரலிடமிருந்து பாதுகாப்பாகப் பெறும் வழியோடு வர வேண்டும். அந்த வழி இல்லாத மென்பொருளை எந்த அரசு அலுவலகமும் வங்கியும் வாங்கக் கூடாது. டெண்டர் விதியிலேயே இதை எழுத வேண்டும். 2027-க்குள் எக்ஸ்பெக்டுக்கு நிகரான கருவியை விண்டோஸுக்குள் வைக்காமல் விபிஸ்கிரிப்டை முடக்கும் உரிமை மைக்ரோசாஃப்டுக்குக் கிடையாது.