ஒரு வளவு, ஒரு மீற்றர், மூன்று அடுப்பு

உறவினர் வளவில் கொட்டில் போட்டு இருந்தவர்களுக்கு, மாத முடிவில் வரும் மின்சாரப் பட்டியல் என்ன மனக்கசப்பைக் கொண்டுவரும் என்பதை நாம் விளக்கத் தேவையில்லை. "நீங்கள் வருமுன் எங்களுக்கு இவ்வளவு பில் வந்ததில்லை" என்ற ஒரு பேச்சுப் போதும். அதன் பிறகு பிள்ளை படிக்கும் விளக்கைக்கூடக் கூசிக் கூசித்தான் போடுவோம்.

2022 ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டபோது இந்தப் பேச்சு பல வளவுகளில் எழுந்தது. பின்னர் கட்டணம் குறைந்தும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் கூட்டுப் பட்டியலை எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. காணி விடுபடாதவர்கள், வீட்டு வேலை அரைவாசியில் நிற்பவர்கள் என்று ஒரே மீற்றரில் இரண்டு மூன்று குடும்பங்களாக வாழ்பவர்கள் எம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

பட்டியல் ஏறுவதற்குக் காரணம் பாவனை மட்டுமல்ல. குறைவாகப் பாவிக்கும் வீடு ஏழை வீடு என்று எண்ணி அதற்கு அலகு விலையைக் குறைத்தும், கூடப் பாவிக்கும் வீட்டுக்குக் கூட்டியும் வைத்திருக்கிறார்கள். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடுகிறது. நிலையான கட்டணமும் படிப்படியாக ஏறுகிறது. நோக்கம் நல்லதே. ஆனால் கணக்குப் பார்ப்பது மீற்றரைத்தானே தவிர, அதன் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பதை அல்ல. மூன்று ஏழைக் குடும்பங்கள் ஒரு மீற்றரில் சேர்ந்தால் பட்டியலில் அவர்கள் ஒரு பணக்கார வீடு!

உண்மையான விலை அடிக்கடி மாறுவதால், விளங்குவதற்காக இலகுவான எண்களை எடுத்துக்கொள்வோம். 60 அலகு வரை அலகுக்கு 10 ரூபா, நிலையான கட்டணம் 200 ரூபா. 60ஐத் தாண்டினால் முதல் 60 அலகுக்கும் 15 ரூபா வீதம், அதற்கு மேல் 30 ரூபா வீதம், நிலையான கட்டணம் 1000 ரூபா. வளவுக்காரர் 60 அலகு பாவிக்கிறார். வந்திருக்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்று 25, மற்றது 35. தனித்தனி மீற்றர் இருந்தால் வளவுக்காரருக்கு 800, மற்ற இருவருக்கும் 450, 550. எல்லாமாக 1800 ரூபா. ஒரே மீற்றரில் 120 அலகு ஓடும்போது பட்டியல் 3700 ரூபா. மேலதிகமாக வந்த 1900 ரூபாவை எந்த ஒருவரும் தனியே பாவிக்கவில்லை. சேர்ந்திருந்ததால் வந்த செலவு அது.

இங்கேதான் அநீதி நுழைகிறது. வளவுக்காரர் சொல்லும் கணக்கு இது: "நான் தனிய இருந்தால் 800. இப்போது 3700. ஆகவே மிகுதி 2900 உங்களுடையது." கேட்கும்போது நியாயமாகத்தான் படும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். வந்த இரு குடும்பங்களும் சேர்ந்து பாவிப்பதும் 60 அலகுதான். அவர்கள் மட்டும் அந்த மீற்றரில் இருந்தால் பட்டியல் 800. வளவுக்காரர் சேர்வதால்தான் 2900 கூடியது என்று அவர்களும் சொல்லலாம். இரு பக்கமும் ஒரே அளவு மின்சாரம். யார் முதல் வந்தார் என்பதை வைத்து ஒருவருக்கு 800, மற்றவருக்கு 2900. திராட்சைத் தோட்டத்தில் கடைசி மணியில் வந்தவர்களுக்கும் முழுக்கூலி கிடைத்த உவமையை ஞாயிறில் கேட்டுவிட்டு, திங்களில் கடைசியாக வந்தவரின் தலையில் முழுச் சுமையையும் வைக்கிறோம்.

இது எங்கள் வளவுகளுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. அமெரிக்காவில் 1933இல் தொடங்கிய தெனசி பள்ளத்தாக்கு அதிகாரசபை கட்டிய அணைகள் கப்பற் போக்குவரத்து, வெள்ளத்தடுப்பு, மின்சாரம் ஆகிய மூன்றுக்கும் பயன்பட்டன. அணையின் பொதுச் செலவில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு? குறைத்துப் போடுகிறார்கள் என்று தனியார் மின்கம்பனிகள் சண்டை பிடித்தன. மின்சாரத்தைக் கடைசியாகச் சேர்ந்த விருந்தாளியாக எண்ணிக் கணக்கிட்டால் ஒரு தொகை, முதலாவதாக எண்ணினால் வேறொரு தொகை. கடைசியில் ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனியே அணை கட்டியிருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்பதை அளவுகோலாக வைத்துப் பொதுச் செலவைப் பிரித்தார்கள். (அந்தத் திட்டத்தின் நொறிஸ் அணைக்காக ஏறத்தாழ 2900 குடும்பங்கள் தங்கள் நிலத்தை விட்டுப் போயின. அவர்கள் இழந்ததை எந்த நிரலில் எழுதினார்களோ!)

அதே முறை எங்கள் வளவுக்கும் பொருந்தும். தனி மீற்றர் இருந்தால் அவரவர் கட்டக்கூடிய 450, 550, 800 என்ற விகிதத்தில் 3700ஐப் பிரித்தால் 925, 1130, 1645 வரும். எல்லோருக்கும் இரண்டு மடங்குக்குச் சற்றுக் கூட. ஒருவருக்கு மட்டும் மூன்று மடங்கு அல்ல. அலகுப்படி பிரித்தால் 770, 1080, 1850. நாம் முதலாவதையே விரும்புகிறோம், ஏனெனில் இடம் தந்தவருக்கும் அதில் சுமை சற்றுக் குறைகிறது. கணக்குப் பார்க்கச் சிரமமென்றால் இரண்டாவதும் பரவாயில்லை. தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்தால் மட்டும் 25 அலகு பாவித்தவர் 60 அலகு பாவித்தவரோடு சேர்ந்து 1233 ரூபா கட்ட நேரிடும்.

யார் எவ்வளவு பாவித்தார் என்று அறியாமல் இவை ஒன்றும் நடவாது. உபமீற்றர் ஒன்று பூட்டினால் நல்லது. இல்லையென்றால் ஒரு கொப்பி போதும். ஒரு குதிரைவலு நீர்மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஓர் அலகு. 5 வாற் எல்.ஈ.டி. விளக்கு 200 மணித்தியாலம் எரிந்தால்தான் ஓர் அலகு. ஆகவே பட்டியலை ஏற்றுவது படிக்கும் பிள்ளையின் விளக்கல்ல. மிளகாய்க் கன்றுக்கு ஓடும் மோட்டர்தான். மோட்டர் போட்டவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். எழுதும் வேலையை வளவுக்காரர் கையிலேயே விடவும் வேண்டாம். மாதம் மாறி மாறி ஒவ்வொரு வீட்டிலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையொன்று எழுதட்டும்.

ஆயினும் அந்த 1900 ரூபாவை எப்படிப் பிரித்தாலும் அது ஏழைகளே கட்டும் 1900 ரூபா. வழிபாட்டுத் தலங்களுக்கென்று தனிக் கட்டண வகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு, ஒரு வளவில் மூன்று குடும்பங்கள் இருப்பதாகக் கிராம சேவையாளர் உறுதிப்படுத்தினால் அந்த மீற்றருக்கு 60க்குப் பதிலாக 180 அலகை எல்லையாக வைப்பது பெரிய வேலையாக இருக்காது. கட்டண மாற்றங்களைத் தீர்மானிக்குமுன் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், நேரிலும் சொல்லலாம். அங்கே கைத்தொழில்காரர் போகிறார், ஹோட்டல்காரர் போகிறார். கொட்டிலில் இருப்பவருக்காக யாரும் போனதாக நாம் கேள்விப்படவில்லை. அடுத்த முறை அறிவித்தல் வரும்போது, மூன்று மாதப் பட்டியலின் பிரதியையும் மோட்டர்க் கொப்பியின் பிரதியையும் பங்குப் பணிமனையில் கொண்டுவந்து தாருங்கள். கடிதத்தை நாம் எழுதுகிறோம்.